சிறு குற்ற வழக்கும் வக்கீல் உதவியும்

நிலத்தின் எல்லை குறித்து வழக்கு எழுமானால், நம் விவசாயி பத்திரத்தையும் பட்டாவையும் மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று வக்கீல்களிடம் யோசனை கேட்ட பிறகே கோர்ட்டுக்குப் போகிறார். அதே விவசாயியின் மீது, அதே வரப்பில் நிகழ்ந்த கைகலப்புக்காகப் போலீசார் வழக்குப் பதிவு செய்து சம்மன் வந்தால், "ஐந்நூறோ ஆயிரமோ அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம், இதற்கு வக்கீல் எதற்கு?" என்று தனியே போய் நிற்கிறார். நிலத்திற்குக் காட்டும் கவனத்தில் கால் பங்கு கூடத் தம் பெயருக்குக் காட்டுவதில்லை. இப்பழக்கம் எந்த வழக்கில் பொருந்தும், எந்த வழக்கில் தீங்கு தரும் என்பதை இங்கு ஆராய விழைகிறோம். ஊரில் யாருக்கு இத்தகைய தொல்லை நேர்ந்தாலும் முதலில் தேடி வருவது பஞ்சாயத்து அங்கத்தினரையே ஆதலின், அவர்கள் இதனை அறிந்திருத்தல் மிகவும் அவசியமாகும்.

எல்லா வழக்குக்கும் வக்கீல் வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தலைக்கவசம் இன்றி மோட்டார் சைக்கிளில் சென்றதற்கு ஆயிரம் ரூபாய் அபராதச் சீட்டு வந்தால், அதைக் கட்டிவிட்டு மறுமுறை தலைக்கவசம் அணிவதே அறிவுடைமை. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள, அதுவும் 5,000 ரூபாய்க்கு மேற்படாத மிகச் சிறு குற்றங்களுக்கு மாஜிஸ்திரேட் தனி வகைச் சம்மன் ஒன்றை அனுப்பலாம். அதைப் பெற்றவர், குற்றத்தை ஒப்புக்கொள்ள விரும்பினால், நேரில் போகாமலே கடிதத்தையும் சம்மனில் குறித்த தொகையையும் தபாலிலோ ஆள் மூலமோ அனுப்பி வழக்கை முடித்துக்கொள்ள முடியும். நடவு நேரத்தில் ஒரு நாள் கூலி மிச்சம். ஆனால் மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டிய வழக்கை இவற்றோடு சேர்க்கலாகாது. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடந்தருகிறது. ஓட்டுநர் உரிமத்திற்கும் ஆபத்து உண்டு. லாரியோ டிராக்டரோ ஓட்டிப் பிழைப்பவருக்கு உரிமம் போனால் பிழைப்பே போயிற்று.

ஆகவே வழக்கு சிறியதா, பெரியதா என்பதை அபராதத் தொகையைக் கொண்டு அளத்தல் தவறான அளவையாகும். குற்றவாளி என்ற தீர்ப்பு நம்மோடு எவ்வளவு தூரம் வரும், எந்தெந்தக் கதவைச் சாத்தும் என்பதே சரியான அளவை.

வரப்புச் சண்டையின் வழக்கு

நம் கிராமங்களில் மிகுதியாகக் காணும் வழக்கையே எடுத்துக்கொள்வோம். வாய்க்கால் தண்ணீருக்கோ, மாடு மேய்ந்ததற்கோ, திருவிழாவில் முறை பற்றியோ வாக்குவாதம் எழுகிறது, வசைமொழிகள் பறக்கின்றன, ஒருவர் மற்றவரைத் தள்ளுகிறார் அல்லது அடிக்கிறார், "தொலைத்துவிடுவேன்" என்கிறார். மறுநாள் முதல் தகவல் அறிக்கையில் ஆபாசச் சொல், காயம் விளைவித்தல், மிரட்டல் ஆகிய மூன்று பிரிவுகளும் ஒன்றாகவே வந்து அமர்ந்துவிடும். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இவை 294(b), 323, 506 என்னும் பிரிவுகள். ஊரில் பலருக்கு இவ்வெண்கள் மனப்பாடம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவையே முறையே 296, 115(2), 351 ஆகிய பிரிவுகளாக இருக்கின்றன. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும்.

ஆபாசச் சொல்லுக்கு மூன்று மாதம் வரையிலும், சாதாரணக் காயத்திற்கு ஓராண்டு வரையிலும், மிரட்டலுக்கு இரண்டு ஆண்டு வரையிலும் சிறை உண்டு. கொலை மிரட்டல் என்று குற்றஞ்சாட்டப்பட்டால் அது ஏழு ஆண்டு வரை போகும். "தொலைத்துவிடுவேன்" என்னும் கோபச் சொல்லை எழுதுபவர் எவ்வாறு எழுதினார் என்பதில்தான் இரண்டு ஆண்டுக்கும் ஏழு ஆண்டுக்கும் உள்ள வேற்றுமை அடங்கியிருக்கிறது. பெரும்பாலான வழக்குகள் சிறையில் முடிவதில்லை என்பது உண்மையே. அந்த உண்மைதான் நம்மை அசட்டையாக இருக்கச் செய்கிறது.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைக் கூறி, "ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று வினவுவார். அருகில் நிற்கும் யாரோ ஒருவர், "ஒப்புக்கொண்டால் இன்றோடு தீர்ந்தது" என்று காதில் ஓதுவார். தலையசைத்து, அபராதம் கட்டி, ரசீது பெற்று, மாலைப் பஸ்ஸில் ஊர் திரும்பிவிடலாம். அன்று கட்டியது அபராதம் மட்டுமன்று. குற்றவாளி என்ற தீர்ப்பையும் கையோடு வாங்கி வந்திருக்கிறோம். தாமே ஒப்புக்கொண்டு பெற்ற தீர்ப்பின் மீது, தண்டனையின் அளவோ சட்டப் பொருத்தமோ தவிர வேறு எதைப் பற்றியும் மேல்முறையீடு செய்ய இயலாது. "விவரம் தெரியாமல் ஒப்புக்கொண்டேன்" என்று ஆறு மாதம் கழித்துச் சொல்வதால் பயனுண்டாவது அரிது.

இதன் விளைவை ஐம்பது வயதுத் தந்தை உணராமல் போகலாம்; அவரோடு சேர்த்து வழக்கில் பெயர் எழுதப்பட்ட இருபது வயது மகன் உணர்வான். நம் மாவட்டங்களில் எத்தனையோ இளைஞர்கள் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிப் பயிற்சி செய்து போலீஸ் தேர்வுக்குத் தயாராகின்றனர். தமிழ்நாட்டுப் போலீஸ் சார்நிலைப் பணிக்குரிய விதிகளின்படி, குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரையும் தகுதியற்றவராகக் கருத இடமுண்டு. இவ்விதி செல்லும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் தீர்ப்பளித்தது. விடுதலையானவனுக்கே இந்நிலை என்றால், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவனின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. வழக்கை மறைத்து விண்ணப்பம் எழுதுவது அதனினும் கேடானது. மறைத்ததே வேலையை இழக்கக் காரணமாகிவிடும்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறொரு தொல்லை. குற்றவியல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டு மறுக்க 1967-ஆம் ஆண்டின் சட்டம் அதிகாரம் தருகிறது. கோர்ட்டின் அனுமதி பெற்றுப் பாஸ்போர்ட்டு பெற வழியுண்டு. ஆனால் அதற்கு முறையாக மனுச் செய்ய வேண்டும். உள்ளாட்சித் தேர்தலில் நிற்க விரும்புவோரும் வேட்புமனுவோடு தம்மீதுள்ள வழக்கு விவரங்களைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள்.

பெயரளவில் சிறிதாகத் தோன்றும் வேறு சில வழக்குகளும் உண்டு. ஆற்று மணலோ சவுடோ ஒரு மாட்டு வண்டி அளவு எடுத்தாலும், கனிமச் சட்டத்தின் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு, வண்டியும் பறிமுதலாகலாம். திருட்டு என்ற குற்றச்சாட்டு, பொருளின் மதிப்பு நூறு ரூபாயே ஆயினும், நாணயத்தைப் பற்றியது ஆதலின் வாழ்நாள் முழுவதும் உறுத்தும். வாக்குவாதத்தில் சாதிப் பெயர் கூறி இழிவுபடுத்தியதாக 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்க்கப்பட்டிருப்பின் அது சிறு வழக்கே அன்று. இவற்றில் வக்கீல் வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. பதினெட்டு வயது நிரம்பாத பையனின் பெயர் எந்த வழக்கில் சேர்ந்திருந்தாலும், பள்ளிச் சான்றிதழுடன் உடனே வயதை எடுத்துக்காட்ட வேண்டும். அவன் போக வேண்டிய இடம் மாஜிஸ்திரேட் கோர்ட்டு அன்று, சிறார் நீதிக் குழுமம்.

வக்கீல் செய்வது என்ன?

"நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுவேன், வக்கீல் வந்து என்ன புதிதாகச் சொல்லப்போகிறார்?" என்று கேட்பவர் உண்டு. தமக்காகத் தாமே வாதாடச் சட்டம் தடை செய்யவில்லை. சாட்சிகள் பேசுவதும் நம் தமிழேதான். எனினும் குறுக்கு விசாரணை என்பது ஊர்ப்பேச்சிலிருந்து வேறானது. வரப்புச் சண்டையில் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் எழுந்து, எதிரியான சாட்சியைப் பார்த்து, "நீ என்னை முதலில் மண்வெட்டிக் காம்பால் அடிக்கவில்லையா? அதன் பிறகுதானே நான் உன்னைத் தள்ளினேன்?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். கேட்பவருக்கு இது வலுவான கேள்வியாகத் தோன்றும். ஆனால் இக்கேள்வியால் தாம் அங்கு இருந்ததையும், தள்ளியதையும் அவரே தம் வாயால் கூறிவிட்டார். சாட்சி "நான் அடிக்கவில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், மிஞ்சுவது தள்ளியது மட்டுமே. தற்காப்பு உரிமையைச் சட்டம் அங்கீகரிக்கிறது. ஆனால் அதை எழுப்புவதற்கு முன், காயத்தைக் குறித்த ஆஸ்பத்திரிப் பதிவு என்ன சொல்கிறது, சம்பவ இடத்தில் நின்றிருந்தவர் யார், புகார் எத்தனை மணி நேரம் தாமதமாகக் கொடுக்கப்பட்டது என்பனவற்றைப் பார்த்தாக வேண்டும். எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை விட, எதைக் கேளாமல் விடுவது என்பதில்தான் வக்கீலின் பழக்கம் பயன்படுகிறது.

இதற்கு நாடறிந்த ஓர் உதாரணம் உண்டு. அருணாசலப் பிரதேசத்தில் சுக் தாஸ் என்பவர், மாற்றல் உத்தரவை ரத்து செய்யுமாறு ஓர் உதவிப் பொறியாளரை மிரட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். நாம் மேலே கண்ட அதே 506-ஆம் பிரிவுதான். வக்கீல் வைக்க அவரிடம் பணமில்லை; இலவசமாக வக்கீல் கிடைப்பார் என்று அவருக்கு யாரும் சொல்லவுமில்லை. சாட்சிகளைத் தக்கபடி விசாரிக்க இயலாமல் நின்ற அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர் இலவச உதவி கேட்டு விண்ணப்பிக்கவில்லை என்று கூறி உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. சுப்ரீம் கோர்ட்டு 1986-இல் அதை ரத்து செய்தது. எழுத்தறிவற்ற ஏழைகள் கேட்டால்தான் தருவோம் என்பது பொருந்தாது. இலவச உதவி உண்டென்று எடுத்துச் சொல்வது நீதிபதியின் கடமை என்பது அத்தீர்ப்பின் சாரம். சிறு வழக்குக்கு வக்கீல் எதற்கு என்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுச் சிறையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாதாடுவதைத் தவிர வேறு பணிகளும் உள. வாய்தாவுக்கு வாய்தா நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்டு வக்கீல் மூலம் ஆஜராக மாஜிஸ்திரேட் அனுமதி தரலாம்; அறுப்புக் காலத்தில் இது எத்தனை உதவி என்பதை விவசாயிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வக்கீல் இல்லாதவர் ஒரு வாய்தாவை மறந்துவிட்டால் பிடியாணை பிறக்கும். ஜாமீனில் இருப்பவர் காரணமின்றி வராமலிருப்பதே தனிக் குற்றமும் ஆகும். நெடுங்காலம் கழித்துத் தொடுக்கப்பட்ட வழக்கெனில் காலக்கெடு கடந்துவிட்டதா என்றும் பார்க்கலாம். அபராதம் மட்டுமே உள்ள குற்றத்திற்கு ஆறு மாதம், ஓராண்டு வரை சிறைக்குரியதற்கு ஓராண்டு, மூன்றாண்டு வரையுள்ளதற்கு மூன்றாண்டு என்பது கெடு. கெடுவைக் கணக்கிடும் முறையில் பழைய சட்டத்திற்கும் புதியதற்கும் வேறுபாடு இருப்பதால் இதனை நாமே கணக்கிட்டு முடிவு செய்தல் ஆகாது.

சமரசம் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஏனெனில், இங்குதான் பஞ்சாயத்தாரின் நல்லெண்ணம் பல சமயம் வீணாகிறது. இரு தரப்பாரையும் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்துக் கைகுலுக்கச் செய்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று கருதுகிறோம். ஊரில் முடிந்தது, கோர்ட்டில் முடியவில்லை. முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு வழக்கை நடத்துவது அரசாங்கமேயன்றிப் புகார் கொடுத்தவர் அல்லர். சாதாரணக் காயம், அத்துமீறி நுழைதல் போன்ற குற்றங்களைக் காயமுற்றவரின் சம்மதத்துடன் கோர்ட்டிலேயே இணக்கமாகத் தீர்த்துக்கொள்ளச் சட்டம் இசைகிறது. அவ்வாறு தீர்ந்தால் அது விடுதலைக்குச் சமம். ஆனால் ஆபாசச் சொல் என்னும் குற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அடித்ததற்கு ராஜி ஆகலாம், திட்டியதற்கு ஆகாது என்ற வேடிக்கையான நிலை ஏற்படுகிறது. அத்தகைய வழக்கை இரு தரப்பும் மனமொத்து உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்து ரத்துப் பெறலாம். தனிப்பட்ட சச்சரவுகளில் அவ்வாறு செய்ய உயர்நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டென்று சுப்ரீம் கோர்ட்டு 2012-இல் விளக்கியுள்ளது. ஊரில் ஏற்பட்ட சமாதானத்தைக் கோர்ட்டு ஏற்கும் வடிவில் எழுதித் தாக்கல் செய்ய வக்கீல் வேண்டும். சமாதானம் ஆன சூட்டிலேயே இதனைச் செய்தல் நன்று. அடுத்த திருவிழாவரை தள்ளிப்போட்டால் மனம் மாறிவிடும்.

குற்றம் உண்மையே, மறுக்க வழியில்லை என்ற நிலையிலும் வக்கீலுக்கு வேலை உண்டு. முன்பு தண்டனை பெறாதவர்களை எச்சரித்தோ, நன்னடத்தை உறுதிப் பத்திரம் பெற்றோ விட்டுவிட 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் வழி செய்கிறது. அவ்வாறு விடப்பட்டவருக்கு, குற்றத்தீர்ப்பினால் வரக்கூடிய சட்டத் தகுதியிழப்பு சாராது என்று அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு கூறுகிறது. அபராதம் கட்டி வெளியேறுவதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. கேட்டாலன்றி இது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

போலீஸ் நிலையத்தில்

ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றங்களில் பல சமயம் கைது செய்யாமல், விசாரணைக்கு வருமாறு எழுத்து மூலம் அறிவிப்புத் தருவர். அதனை மதித்துப் போக வேண்டும். போகாவிடில் கைதுக்கு நாமே காரணம் தேடித் தந்தவர்களாவோம். போகுமுன் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவது, பின்னர் ஓராண்டு அலைவதைத் தவிர்க்கக்கூடும். விசாரணையின்போது எழுதப்படும் வாக்குமூலத்தில், சொன்னவர் கையொப்பமிட வேண்டியதில்லை என்பது சட்டம். வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைந்நாட்டோ இடவே கூடாது. போலீசாரிடம் செய்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க இயலாது. கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்வது அரசியலமைப்பின் 22-ஆவது ஷரத்து அளித்த உரிமை. சாதாரணக் காயம் போன்ற ஜாமீனில் விடத்தக்க குற்றங்களில், ஜாமீன் கேட்பது உரிமையேயன்றிச் சலுகை அன்று. நமக்கும் காயம் ஏற்பட்டிருந்தால் அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று அதைப் பதிவு செய்துவிட வேண்டும்; நாட்டு வைத்தியரின் பற்றுக்குப் பதிவேடு கிடையாது.

பணமில்லாதவர் என் செய்வது?

1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமானம் எதுவாயினும் வக்கீல் உதவி இலவசம். மற்றவர்களுக்கு அரசு குறித்த வருமான வரம்புக்கு உட்பட்டு அவ்வுதவி கிடைக்கும். தாலுகா கோர்ட்டு வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கும். வெள்ளைத்தாளில் எழுதித் தந்தாலே போதும். எழுத இயலாதவரின் கூற்றை அங்கேயே எழுதிக்கொள்வர். 15100 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். இலவசம் என்றால் அக்கறை இராது என்ற எண்ணம் ஊரில் பரவலாக உண்டு. அக்கறையற்ற வக்கீல் அமைவதும் உண்டுதான். பணம் வாங்கியவரிடமும் அது உண்டு. குழுவின் தலைவர் நீதிபதியாகவே இருப்பதால், அவரிடம் முறையிட்டு வேறொருவரை நியமிக்கக் கேட்பதே வழி.

தாமே பணங்கொடுத்து வக்கீல் அமர்த்துவோர், கோர்ட்டு வாசலில் கையைப் பிடித்து இழுக்கும் தரகரை நம்பலாகாது. தாலுகாவில் குற்றவியல் வழக்குகளை வழக்கமாக நடத்துபவர் யார் என்பதை, முன்பு வழக்கு நடத்திய இரண்டு மூன்று பேரிடம் கேட்டறிய வேண்டும். ஜாமீனுக்கு எவ்வளவு, விசாரணை முடியும் வரை எவ்வளவு, வாய்தாச் செலவு தனியா என்பதை முதல் நாளே பேசி, கொடுத்ததைக் குறித்து வைக்க வேண்டும். "நிச்சயம் விடுதலை வாங்கித் தருகிறேன்" என்று முதல் நாளே வாக்களிப்பவரை விட, தாள்களைப் படித்துவிட்டு இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்பவரே மேல். ஒப்புக்கொள்வதால் என்ன விளைவு, மறுத்தால் எத்தனை காலம் ஆகும், மகனின் வேலைக்கு எது பாதகம் என்ற மூன்றையும் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்டபின் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதே மேல் என்று தோன்றினால் அதுவும் நல்ல முடிவே. தெரிந்து எடுத்த முடிவாக இருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

வக்கீலிடம் போகும்போது சம்மன், முதல் தகவல் அறிக்கையின் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, நிலத் தகராறாயின் பட்டாவும் புல வரைபடமும் எடுத்துச் செல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கையைப் போலீஸ் இணையதளத்திலிருந்தே பெற முடியும். குற்றஞ்சாட்டப்பட்டவர் கோர்ட்டில் ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் குற்றப்பத்திரிகையும் அதைச் சார்ந்த தாள்களும் கட்டணமின்றி அவருக்குத் தரப்பட வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறாமல் எந்தப் பதிலும் சொல்லலாகாது. வழக்கு எண்ணை மட்டும் குறித்து வைத்திருந்தால், அடுத்த வாய்தா நாளைக் கோர்ட்டுகளின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பஞ்சாயத்து அலுவலகக் கணினியில் அதைப் பார்த்து உரியவரிடம் சொல்லி அனுப்புவது ஐந்து நிமிட வேலைதான்.